பிலிப்பைன்ஸ் வெள்ளரி சாலட்: முதலில் நீரை வெளியேற்றுங்கள்

வெள்ளரிக்காய் நறுக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் வினிகர் ஊற்றிச் செய்யும் பிலிப்பைன்ஸ் சாலட்டை முயன்று பார்த்த பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: கலக்கும்போது ருசியாக இருந்தது, பரிமாறுவதற்குள் நீர்த்துப் போய்விட்டது. காரணம் எளிது. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். உப்பும் சர்க்கரையும் பட்டதும் அது வெளியே வந்து வினிகரோடு கலந்துவிடுகிறது. அந்த நீரை நாமே முன்கூட்டி எடுத்துவிட வேண்டும். இந்த சாலட்டின் நுணுக்கம் இது ஒன்றுதான்.

அங்கே இதற்கு என்சலாடாங் பிபினோ என்று பெயர். பொரித்த மீனுக்கும் சுட்ட இறைச்சிக்கும் பக்கத்தில் வைப்பார்கள்.

தேவையானவை (நான்கு பேருக்கு)
வெள்ளரிக்காய் – அரை கிலோ
சின்ன வெங்காயம் – 10
வினிகர் – 60 மில்லி
சர்க்கரை – 2 மேசைக்கரண்டி
தூள் உப்பு – 1 தேக்கரண்டி
மிளகு – அரை தேக்கரண்டி, அப்போதே இடித்தது
இஞ்சி – ஒரு சிறு துண்டு, விருப்பப்பட்டால்

1. காய் தேர்வு

பச்சைத் தோலும் இறுகிய சதையும் உள்ள காய் வேண்டும். கோடையில் பேருந்து நிலையத்தில் கூறு வைத்து விற்கும் வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தால் வேறு எதையும் தேடாதீர்கள். விதை எடுக்கும் வேலையே இல்லை. மஞ்சள் பூத்த சாம்பார் வெள்ளரி இதற்கு ஆகாது. காம்புப் பக்கம் ஒரு விரல்கடை நறுக்கி எறிந்துவிட்டு, அடுத்த துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயையே ஒதுக்குங்கள். சர்க்கரை போட்டுக் கசப்பை மறைக்க முடியாது.

2. நறுக்குதல்

தோலைக் கோடு கோடாகச் சீவி, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். விதை முற்றியிருந்தால் காயை நெடுக்காகப் பிளந்து, கரண்டியால் வழித்துவிட்டு நறுக்கலாம்.

3. உப்பில் ஊறவைத்துப் பிழிதல்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நறுக்கிய துண்டுகளை வாயகன்ற பாத்திரத்தில் பரப்பி, உப்பைத் தூவி, ஒவ்வொரு துண்டிலும் படும்படி கையால் பிசறுங்கள். கல் உப்பு கரைய நேரமாகும். ஓரிடத்தில் கரித்து, ஓரிடத்தில் சப்பென்று நிற்கும். தூள் உப்புதான் சரி. அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். நடுவில் ஒரு முறை புரட்டினால் போதும்.

ஊறியதா என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் மடக்குங்கள். ஒடிந்தால் இன்னும் நேரம் வேண்டும். ஒடியாமல் வளைந்து இரு முனையும் தொட்டால் ஊறிவிட்டது. அடியில் நீரும் தேங்கியிருக்கும்.

இனி ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாக எடுத்துப் பிழியுங்கள். மொத்தத்தையும் துணியில் கட்டி முறுக்கினால் துண்டுகள் நைந்துபோகும். உள்ளங்கையில் வைத்து அழுத்தி, சொட்டுவது நின்றதும் விட்டுவிடுங்கள். வாயில் போட்டுப் பார்த்து, கரித்தால் மட்டும் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி மறுபடி பிழியலாம். பிழிந்த நீரைக் கொட்டாதீர்கள். மோரில் கலந்தால் உப்பும் சேர்ந்துவிடும், வெள்ளரி மணமும் வரும்.

அரை மணி நேரம் இல்லையென்றால் குறுக்குவழி ஒன்றுதான்: உப்பு, வினிகர் எதையும் முன்னால் சேர்க்காமல், இலையில் பரிமாறும் நொடியில் கலப்பது. அரைகுறையாக ஐந்து நிமிடம் ஊறவைப்பதில் எந்தப் பயனும் இல்லை.

4. வினிகர்

பிலிப்பைன்ஸில் வடக்கே இலோக்கோஸ் பகுதியில் கரும்புச்சாற்று வினிகர். தென்னை மிகுந்த பகுதிகளில் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்தது. நம் மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்த செயற்கை வினிகர். சீசாவிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். அதன் நெடி தூக்கலாக இருக்கும், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துத் தணியுங்கள். தென்னை வினிகரோ கரும்பு வினிகரோ கிடைத்தால் அதையே வாங்குங்கள். இலங்கையிலிருந்து யாராவது வந்தால் தென்னை வினாகிரி ஒரு சீசா கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; அங்கே அது சாதாரணச் சமையல் சாமான்.

வினிகரில் சர்க்கரையைப் போட்டு முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். அடுப்பில் ஏற்ற வேண்டாம். வட்டமாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை இதிலேயே பத்து நிமிடம் போட்டு வைத்தால் காரம் அடங்கி, இளஞ்சிவப்பு நிறம் ஏறும்.

5. பாத்திரம்

அலுமினியமும் வெள்ளீயம் பூசாத பித்தளையும் வேண்டவே வேண்டாம், புளிப்பு அவற்றை அரிக்கும். எவர்சில்வரில் கலக்கலாம். ஊறவைக்கப் பீங்கான்தான் என் தேர்வு. ஊறுகாய்க்கு நம் பாட்டிமார் ஜாடியைத் தேர்ந்ததும் இதனால்தான்: நன்றாகச் சுட்ட பீங்கானின் கண்ணாடிப் பூச்சு உப்புக்கும் புளிக்கும் அசையாது.

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் டப்பாவில் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பொம்மையும் அகல் விளக்கும் அலங்காரக் கிண்ணமும் உணவுக்காகச் செய்தவை அல்ல. சில அலங்காரப் பூச்சுகளில் காரீயம் இருக்கலாம், வினிகர் அதைக் கரைத்து இழுத்துவிடும். உணவுக்கு உகந்ததா என்று கடையில் கேட்டே வாங்குங்கள். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே நின்றால் நன்றாகச் சுட்டது. உறிஞ்சிக்கொண்டால் வேறு எடுங்கள். பூச்சில் மயிரிழை விரிசலோ உடைந்த விளிம்போ இருந்தாலும் புளிப்பு வைக்கக் கூடாது.

6. கலத்தல்

பிழிந்த வெள்ளரி, வெங்காயம் ஊறிய வினிகர், மெல்லிய குச்சியாக நறுக்கிய இஞ்சி, மிளகு. கலந்து, மூடி, அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு சேர்ப்பதற்கு முன் ருசி பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

சங்கரா மீன் வறுவலுக்கும் பொரித்த கருவாட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. சைவம் என்றால் பருப்புச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள். அதற்குமேல் வெள்ளரி மொறுமொறுப்பை இழந்துவிடும். மிஞ்சும் வினிகரில் மறுநாள் ஒரு முறை வெங்காயம் மட்டும் ஊறவைக்கலாம், அதோடு கொட்டிவிடுங்கள்.