இயற்கைச் சாயமும் தண்ணீரும்: கச்சு மாவட்டத்தின் அனுபவம்

இலை, வேர், பட்டை, பூ, காய் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் சாயங்களால் துணிக்கு நிறமூட்டும் தொழிலை வளர்ப்பது பற்றி ஆராயும்போது, தாவர மூலப்பொருள்கள் போதிய அளவில் கிடைக்குமா என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. அவுரியை எங்கெங்குப் பயிரிடலாம், காடுகளிலிருந்து கடுக்காயை எவ்வாறு திரட்டலாம் என்று திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. இக்கேள்விகள் தேவையானவையே. ஆயினும் இத்தொழிலுக்குச் செடியைவிடத் தண்ணீரே முதன்மையான மூலப்பொருள் என்பதைக் குஜராத் மாநிலத்துக் கச்சு மாவட்டத்தின் அனுபவம் உணர்த்துகிறது.

இந்தியாவில் தாவரச் சாயத்தின் வரலாறு நெடியது. மொகஞ்சதாரோ அகழ்வாய்வில் கிடைத்த பருத்தித் துணித் துண்டு மஞ்சட்டி வகைச் சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டதாகும். பழைய கெய்ரோவின் புஸ்டாட் பகுதியில் கிடைத்த இடைக்காலத் துணிகளுள் பல குஜராத்தில் அச்சிடப்பட்டுக் கடல் வழியே சென்றவை. 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868இல் மஞ்சட்டி வேரின் சிவப்புப் பொருளான அலிசரினை ஜெர்மானிய வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் இந்திய அவுரி ஏற்றுமதி விரைந்து சரிந்தது.

தாவரச் சாயம் என்றாலே பயிரிடுவோருக்கு நன்மை என்று கருதிவிடவும் இயலாது. 1859-60இல் வங்காளத்தில் எழுந்த அவுரிக் கிளர்ச்சியும், 1917இல் காந்தியடிகள் மேற்கொண்ட சம்பாரண் போராட்டமும் இச்செடியை முன்னிட்டே நிகழ்ந்தன. இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி விளைவித்தே தீரவேண்டும் என்று சம்பாரண் குடியானவர் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

அஜ்ரக் அச்சுத் துணி

கச்சுப் பகுதியில் கத்ரி சமூகத்தினர் அச்சிடும் அஜ்ரக் துணி, ஆழ்ந்த நீலமும் சிவப்பும் கருமையும் வெண்மையும் கலந்த வடிவக்கோலங்களைக் கொண்டது. இவர்களின் முன்னோர் 16ஆம் நூற்றாண்டில் சிந்துவிலிருந்து வந்து தமட்கா என்னும் ஊரில் குடியேறினர். அவ்வூரை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் அங்கு ஓடிய சாரண் ஆறு. ஆண்டு மழை ஏறத்தாழ 400 மி.மீ. அளவே பெய்யும் வறண்ட மாவட்டத்தில், துணியை மீண்டும் மீண்டும் அலசுவதற்கு ஓடும் நீர் கிடைத்த இடமே பட்டறைக்கு உகந்த இடமாயிற்று.

ஒரு துணி பதினான்கு முதல் பதினாறு படிகளைக் கடந்தே முழுமை பெறுகிறது. முதலில் துணியிலுள்ள கஞ்சியை நீக்கி, ஆமணக்கெண்ணெய், சோடா உப்பு, ஒட்டகச் சாணம் ஆகியவை கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகின்றனர். அடுத்துக் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் தோய்க்கும்போது துணி இளமஞ்சளாகிறது. வெண்மையாக இருக்க வேண்டிய கோடுகள்மீது சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை மர அச்சால் ஒற்றுகின்றனர். பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்கவைத்து எடுத்த கரைசலைப் புளியங்கொட்டை மாவுடன் காய்ச்சிக் கருமைக்கும், படிகாரப் பசையைச் சிவப்புக்கும் பயன்படுத்துகின்றனர். நீலம் ஏறக்கூடாத பகுதிகளைப் பசையால் மறைத்துத் துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துகின்றனர். தொட்டியிலிருந்து எடுக்கும்போது பசுமஞ்சளாகத் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகிறது. பின்னர் மஞ்சட்டி அல்லது அலிசரின் கலந்த கொதிநீரில் இட்டால், படிகாரம் ஒற்றிய இடங்களில் மட்டும் சிவப்பு நிலைக்கிறது. படிகளுக்கிடையே நிகழும் அலசல்களை எண்ணினால், இத்தொழிலின் பாதி துவைதுறையிலேயே நடைபெறுகிறது எனலாம்.

நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் இன்றியமையாதது. பெரும்பாலான தாவரச் சாயங்கள் பருத்தி இழையில் தாமாக ஒட்டுவதில்லை; சாயத்தையும் இழையையும் பிணைக்க ஓர் உலோக உப்பு வேண்டும். இதனை நிறமூன்றி என்பர். ஒரே மஞ்சட்டிச் சாயம் படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பாகவும், இரும்போடு சேர்ந்தால் கருஞ்சாயலாகவும் மாறுகிறது. கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடினால் மை போன்ற கருமை தோன்றும். ஆகவே, அச்சில் ஒற்ற வேண்டிய இரும்பு அலசும் நீரிலேயே கலந்திருந்தால், கடுக்காய் ஏற்றிய துணி முழுவதும் மங்கிவிடும். சிவப்பு தன் ஒளியை இழக்கும். வெண்கோடுகள் சாம்பல் பூக்கும். குடிப்பதற்கு ஏற்றதெனக் கொள்ளப்படும் நீர்கூடச் சாயத்திற்கு ஏற்றதாக அமையும் என்று உறுதி கூற முடியாது.

2001 நிலநடுக்கத்திற்குப் பின்

சாரண் ஆறு நாளடைவில் வற்றியது. பட்டறைகள் கிணற்று நீரை நம்பத் தொடங்கின. 2001 ஜனவரி 26ஆம் நாள் கச்சு மாவட்டத்தைக் குலைத்த நிலநடுக்கம் தமட்காவையும் பெரிதும் சேதப்படுத்தியது. வீடுகளும் பட்டறைகளும் இடிந்தது ஒருபுறமிருக்க, நிலத்தடி நீரில் இரும்பின் அளவு மிகுந்துவிட்டதைச் சாயமிடுவோர் தங்கள் துணிகளிலேயே கண்டனர். இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். தன்மை மாறிய ஊற்றை என் செய்வது? குடும்பங்கள் பல புஜ் நகருக்கு அருகே நல்ல நீர் கிடைத்த இடத்தில் நிலம் வாங்கி, அஜ்ரக்பூர் என்னும் புதிய ஊரை அமைத்தன. வேறு சில தமட்காவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தன. நீரின் பொருட்டு ஒரு தொழில் இடம்பெயர்ந்த இந்நிகழ்ச்சி, மறுவாழ்வுப் பணியில் ஈடுபடுவோர் கருத்தில் கொள்ளத்தக்கது. கைவினைஞருக்கு வீடு கட்டித் தருவது மட்டுமே மறுவாழ்வாகிவிடாது.

இத்தொழில் அதற்கு முன்னரே மற்றொரு நெருக்கடியைக் கடந்திருந்தது. கால்நடை மேய்ப்போரே அஜ்ரக் துணியின் பழைய வாடிக்கையாளர். மலிவான ஆலைத் துணி வந்ததும் அவர்கள் அதற்கு மாறினர். அச்சிடுவோரும் செயற்கைச் சாயத்தை நாடினர். தமட்காவைச் சேர்ந்த முகம்மது சித்திக் கத்ரி தாவரச் சாய முறையைக் கைவிடாது தம் மக்களுக்குக் கற்பித்தார். 1970களில் மாநிலக் கைவினை வளர்ச்சிக் கழகத்தின் குர்ஜரி விற்பனை நிலையங்கள் நகரச் சந்தையைத் திறந்துவிட்டன. வாங்குவோர் மாறியதாலேயே தொழில் பிழைத்தது.

செலவுக் கணக்கு

நூறு கிலோ பசுமையான அவுரி இலையிலிருந்து ஒரு கிலோ நீலம்கூடத் தேறுவதில்லை. நாட்டின் துணி அனைத்தையும் தாவரச் சாயத்தால் நிறமூட்ட முயன்றால் உணவுப் பயிருக்குரிய நிலமே அதற்குச் செல்ல நேரிடும். எனவே இது ஆலைச் சாயத்திற்கு மாற்றாக அன்றி, உயர்ந்த விலை பெறும் சிறப்புச் சந்தைக்கு உரிய தொழிலாகவே நிலைக்க முடியும். பயறு இனத்தைச் சேர்ந்த அவுரி நிலத்திற்குத் தழைச்சத்தைத் தருகிறது. சாயம் எடுத்த பின் எஞ்சும் தழை எருவாகிறது. திண்டிவனம் வட்டாரத்து உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. எனினும் கூலியும் காலமுமே செலவின் பெரும்பகுதி. துணி வாரக்கணக்கில் பட்டறையிலேயே இருப்பதால் நடைமுறை மூலதனம் முடங்குகிறது. மழைக்காலத்தில் வெயில் இன்றி வேலை நின்றுவிடுகிறது. கடனைத் திருப்பும் தவணைகளை இந்தப் பருவத்திற்கு ஏற்ப அமைக்காத வங்கித் திட்டம் கைவினைஞரை வணிகரிடமே திருப்பி அனுப்பும்.

இயற்கைச் சாயம் யாவும் தீங்கற்றவை என்ற கருத்தும் திருத்தத்திற்குரியது. தீங்கு தரும் 112 செயற்கைச் சாயங்களை இந்திய அரசு தடை செய்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் படிகாரத்திற்குப் பதிலாகக் குரோமிய உப்பைப் பயன்படுத்தினால், சாயம் இலையிலிருந்து வந்தது என்பதால் கழிவுநீர் தூய்மையாகிவிடாது. கொதிக்கவைக்க எரிக்கும் விறகும் கணக்கில் சேர வேண்டும். மேலும், பல பட்டறைகள் மஞ்சட்டி வேருக்குப் பதிலாக ஆலையில் தயாராகும் அலிசரினையே பயன்படுத்துகின்றன. வேதியியல் நோக்கில் சிவப்புப் பொருள் ஒன்றே. எனினும் 'முற்றிலும் தாவரச் சாயம்' என்று விற்பது வாங்குவோருக்குச் செய்யும் நியாயமன்று.

மாவட்ட அளவில் சாயப் பயிற்சி நிலையம் அமைக்க முற்படுவோர், கட்டடத்திற்கு இடம் தேடும் முன் நீரைச் சோதிப்பது நலம். முறையான பகுப்பாய்வுக்கு நீர் மாதிரியை அனுப்புவதோடு, கைவினைஞரின் எளிய சோதனையையும் செய்து பார்க்கலாம். கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணித் துண்டைக் கிணற்று நீரில் ஊறவைத்து, பிழிந்து, காற்றில் உலர்த்த வேண்டும். மஞ்சள் நிறம் மாறாதிருப்பின் மேலும் ஆராயலாம். துணி சாம்பல் நிறம் கொண்டால் நீரில் இரும்பு மிகுந்துள்ளது. அக்கிணற்றை விட்டு வேறிடம் பார்க்க வேண்டியதுதான். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.