கொதித்து நின்ற வண்டி

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சித்திரைத் திங்களில் ஒரு நண்பகல், ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த கார் ஒன்று அச்சாலையில் ஏறிற்று. ஒன்பதாம் வளைவைக் கடக்குங்கால் வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கில் ஆவி சீறிற்று. இந்நிலையில், "இன்னும் சில வளைவுகள்தாமே" என்று மேலும் செலுத்துவோரும் உளர். பதறி இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திருகுவோரும் உளர். முன்னவர் இழப்பது எஞ்சினை. பின்னவர் இழப்பது கண்ணொளியாகவும் இருக்கலாம். அக்காரின் உரிமையாளர் நல்வினைப்பயனாக இரண்டும் செய்திலர். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பொள்ளாச்சி மெக்கானிக் ஒருவருக்குத் தொலைபேசியில் செய்தி கூறிக் காத்திருந்தார்.

எஞ்சினின் உருளைகளில் எரிபொருள் எரியுங்கால் வாயுவின் வெம்மை 2,000 பாகை செல்சியசையும் கடக்கும். அவ்வெப்பத்தில் வண்டியை இழுக்கப் பயன்படுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகும். மற்றொரு பகுதியை நீர் ஏற்றுக்கொள்ள வேண்டும். உருளைகளைச் சூழ்ந்த வழிகளில் பம்ப் நீரைச் செலுத்துகிறது. சூடேறிய நீர் ரேடியேட்டருட் புகுந்து, காற்றுப்பட்டுத் தணிந்து மீள்கிறது. இடையே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவம் ஒன்று உண்டு. நீர் 80 அல்லது 90 பாகையை எட்டும்வரை அது ரேடியேட்டருக்கு வழிவிடாது.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று எண்ணுதல் பிழை. அஃது உள்ளிருக்கும் நீரை அழுத்தத்தில் வைக்கிறது; அதனால் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருக்கும். அவ்வேளை மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் நீங்க, நீர் ஆவியாய்ப் பொங்கி முகத்தில் பாயும். மலையின்மேல் காற்றழுத்தம் குறைவாதலின், திறந்த கலத்து நீர் 100 பாகைக்கு முன்னரே கொதித்துவிடும். ஆதலின் ரப்பர் வளையம் தேய்ந்த மூடி சமவெளியில் குற்றம் காட்டாதிருந்து, மலையிற் காட்டும்.

மெக்கானிக் வந்து சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. எஞ்சின் ஆறியிருந்தது.

"தம்பி, நீர் குறைந்துவிட்டது போலும். குடத்தில் வைத்திருக்கிறேன், ஊற்றிக்கொண்டு புறப்படலாமே?" என்றார் உரிமையாளர்.

"ஊற்றலாம், ஐயா. உள்ளே இருந்த நீர் எங்கே போயிற்று என்று முதலில் பார்த்துவிடுவோம்."

நீர் குறைந்திருப்பின், வெளியே சென்றிருத்தல் வேண்டும். அன்றி உள்ளே சென்றிருத்தல் வேண்டும். வெளியே சென்றதாயின் சுவடு இருக்கும்: குழாய் இணைப்பில் ஈரம், பம்பின் அடியிலுள்ள சிறு துளையிற் கசிவு, ரேடியேட்டரின்மேல் உலர்ந்த கறை. உள்ளே சென்றதாயின் செய்தி கொடிது. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையேயுள்ள ஹெட் கேஸ்கட் பழுதுற்றால் நீர் எண்ணெயோடு கலத்தல் உண்டு. அளவுகோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருக்கும். நீர் உருளையுட் புகுந்தால் புகைக்குழாயில் வெண்புகை ஓயாது வரும். எரிந்த வாயு நீர்வழியிற் புகுந்தாலோ ரேடியேட்டரில் குமிழியிடும்.

நீர் குறையாமலே கொதிப்பதும் உண்டு. அப்போது, எந்நிலையிற் கொதித்தது என்பதே வினா. நகர நெரிசலில் நிற்கும்போது கொதித்து, ஓடும்போது தணியுமாயின் ஐயம் விசிறியின்மேற் செல்லும். ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே விசிறியன்றோ? விரைவிலும் மேட்டிலும் கொதிக்குமாயின், ரேடியேட்டர் துருவும் உப்பும் படிந்து அடைபட்டிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் உப்புக் கிணற்று நீரையே ஊற்றிவந்த வண்டிகள் இத்துன்பத்திற்குத் தப்புவதரிது. எஞ்சின் கொதிக்கவும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்குமாயின், தெர்மோஸ்டாட் திறவாது சிக்கியிருத்தல் கூடும். பம்ப் நீரைச் செலுத்தாதிருத்தலும் கூடும்.

முள்ளை முற்றும் நம்புதலும் தகாது. நீர் பெரும்பாலும் ஒழுகிவிட்டால், வெப்பம் உணரும் கருவி நீரில் நில்லாது வெற்றிடத்தில் நிற்கும். எஞ்சின் வேகும்போதே முள் இறங்கிக் காட்டுதலும் உண்டு. தணிந்துவிட்டதென மகிழ்ந்து செலுத்துவோர், சிறிது தொலைவிலேயே அலுமினியத் தலைப்பகுதி வளைந்துபோகக் காண்பர்.

அன்றைய வண்டியில் எண்ணெய் தெளிவாக இருந்தது. மேற்குழாய் ரேடியேட்டரோடு சேருமிடத்தில், இறுக்கும் வளையத்தை ஒட்டி, விரல்நக நீளத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. மெக்கானிக் கையோடு கொண்டுவந்திருந்த புதுக்குழாயை மாட்டி, கூலன்டும் நீரும் கலந்து நிரப்பினார். உரிமையாளர் மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார். மெக்கானிக்கோ மூடியை இடாமலே எஞ்சினை ஓடவிட்டு, அரை நாழிகை நேரம் சற்று எட்ட நின்று நீரையே நோக்கிக்கொண்டிருந்தார். தங்கியிருந்த காற்று சில கொப்புளங்களாய் வெளிவந்தது. அதன்பின் ஒரு குமிழியும் எழவில்லை. அவர் மூடியை இறுக்கினார்.