எறியும் கைக்கோர் கணக்கு

எல்லே ஆட்டம் அறிந்த நம் மாணவர்க்குப் பேஸ்போல் முற்றிலும் புதியதன்று. ஆயின், அதிலே விசையுடன் பந்தெறியும் சிறுவன் தன் முழங்கையையே பணயம் வைக்கின்றான். வளரும் பருவத்தில் எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்பு இன்னும் இறுகாதது; ஓய்வின்றி எறிந்தால் அது சிதைவுறும். வேகத்தினும் எண்ணிக்கையே பெரும் பகை என்பது நம் கருத்து.

அமெரிக்காவிலே 2014இல் வகுத்த நெறிப்படி, 13, 14 வயதினர் ஆட்டநாளொன்றில் 95 தடவைக்கு மேல் எறிதலாகாது. 66ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு.

பயிற்றுநர் அருகில்லாத தோட்டத்துப் பிள்ளை இக்கணக்கைத் தானே எழுதல் வேண்டும். லயத்துச் சுவரில் எறிந்து பழகியதையும் (அதனை எவரும் எண்ணுவதில்லை!) குறித்தல் நன்று. இறம்பொடைப் பனிக்காலையில் முதலில் ஓடி உடலைச் சூடேற்றி, பின் கிட்ட நின்று மெல்ல எறிந்து தொடங்குக. குழுவில் இடம் போகுமென்று நோவை மறைப்பாரை நாம் கண்டிருக்கின்றோம். கை நொந்த அன்று குறிப்பேட்டிற் பூச்சியமே இருக்கட்டும்; ஓய்ந்தும் நோவு தீராதாயின் வைத்தியரிடம் காட்டுக.