தொடர்பாடல் தொண்டரும் எமது கதையும்

முகாமிலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் இருப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. வாகனம் ஒன்று வந்து நிற்கும். கழுத்தில் கமராவும் கையில் குறிப்புப் புத்தகமுமாக ஓர் இளைஞரோ யுவதியோ இறங்குவார். எந்த ஆண்டு இடம்பெயர்ந்தீர்கள், எத்தனை பிள்ளைகள், இப்போது என்ன கஷ்டம் என்று கேட்பார். படம் எடுப்பார். போய்விடுவார். வந்தவர் யார், எழுதியதை எங்கே கொண்டு போகிறார், அதனால் எமக்கு வருவது என்ன என்று திருப்பிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. இப்பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். உங்கள் பிள்ளைகளிற் சிலர் நாளை இதே வேலைக்குப் போகக்கூடும் என்பதும் நாம் இதனை எழுதுவதற்கு ஒரு காரணம்.

சர்வதேச அபிவிருத்தி நிறுவனங்களில் விவசாயத்துக்கும் சுகாதாரத்துக்கும் தொண்டர்கள் இருப்பது போலவே செய்தித் தொடர்புக்கும் தொண்டர்கள் உண்டு. பிரித்தானியாவின் வி.எஸ்.ஓ. 1958இல் ஆரம்பமானது. ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம் 1970இல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானத்தினால் உருவானது. இத்தகைய தொண்டருக்குச் சம்பளம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு ஒரு கொடுப்பனவு உண்டு. வெளிநாட்டவர் மட்டுமல்ல, சொந்த நாட்டிலேயே தொண்டராகச் சேர்பவர்களும் இருக்கிறார்கள்.

இவருடைய வேலை என்ன? நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதுவது, செய்திமடல் தயாரிப்பது, படங்களுக்குக் குறிப்பு எழுதுவது, சிறு வீடியோ எடுப்பது. இதில் பிழை ஒன்றுமில்லை. கிணறு கட்டக் காசு தந்தவர் கிணற்றைப் பார்க்க விரும்புவது நியாயமே. கிணற்றைவிட அழுகின்ற தாயைக் காட்டினால் கூடுதலாகக் காசு சேரும் என்று ஒருவர் கணக்குப் போடும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

இந்தக் கணக்கின் விளைவை உலகம் எதியோப்பியாவிற் கண்டது. 1984 ஒக்டோபரில் கோரெம் என்ற இடத்திலிருந்து பஞ்சத்தின் படங்களைப் பிபிசி தொலைக்காட்சி காட்டியது. மேல்நாட்டு மக்கள் கலங்கிப் போனார்கள். 1985 யூலை 13இல் லண்டனிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் பெரிய இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார்கள். அந்த உதவியால் உயிர்கள் பிழைத்தன. அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் மழை பொய்த்ததோடு யுத்தமும் அந்தப் பஞ்சத்துக்குக் காரணம் என்பது படங்களில் அவ்வளவாகத் தெரியவில்லை. எருது பூட்டி உழுது தலைமுறை தலைமுறையாகத் தானியம் விளைவித்த கமக்காரர்கள் அவர்கள் என்பதும் தெரியவில்லை. நீட்டிய கைகள்தான் தெரிந்தன. உழுத கை எது, ஏந்திய கை எது என்று படத்தில் யார் கேட்பார்?

இத்தகைய படங்கள் பற்றி ஐரோப்பிய அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு உள்ளேயே கண்டனம் எழுந்தது. படங்களும் செய்திகளும் எப்படி இருக்கவேண்டும் என்று 1989இல் அவை ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றன. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண நிறுவனங்களும் பத்து விதிகள் கொண்ட ஒரு கோவையை வகுத்தன. பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருட்களாக அல்ல, மதிப்புள்ள மனிதர்களாகக் காட்டவேண்டும் என்பது அதன் பத்தாவது விதி. உதவி தேவையை மட்டுமே பார்த்துக் கொடுக்கப்படவேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். "படம் வேண்டாம் என்று சொன்னால் பட்டியலில் இருந்து பெயரை வெட்டி விடுவார்களோ" என்ற பயம் எமது மக்களிடம் உண்டு. பயப்படத் தேவையில்லை. நிவாரணத்துக்கு முகம் விலையல்ல.

விதி எழுதுவது இலகு. அதை வேலையிற் காட்டுவது எப்படி? பதில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அருகிலுள்ள போகோ தீவில் இருக்கிறது. அங்கே வேலை செய்தது சர்வதேச நிறுவனமல்ல. ஒரு பல்கலைக்கழகமும் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையும். ஆயினும் அங்கு நடந்தது பின்னர் பல நாடுகளின் தொடர்பாடல் வேலைக்கு முன்மாதிரியானது.

போகோ மக்கள் கடற்றொழிலாளர். மீன்பிடி நலிந்து, பலர் அரச உதவிப் பணத்தில் வாழ்ந்தார்கள். தூரத்து ஊர்களைக் காலி செய்து மக்களை வேறிடங்களிற் குடியேற்றும் திட்டம் அப்போது அங்கு நடந்துகொண்டிருந்தது. தீவாருக்கும் அந்த அச்சம் இருந்தது. 1967இல் கொலின் லோ என்ற இயக்குநர் அங்கு சென்று, ஒரு பெரிய படம் எடுக்காமல் இருபத்தைந்துக்கு மேற்பட்ட சிறு படங்கள் எடுத்தார். எடுத்தவற்றை முதலிற் பார்த்தவர்கள் தலைநகரத்தார் அல்லர், தீவு மக்களே. தான் பேசியதில் ஏதாவது வெளியே போக வேண்டாம் என்று ஒருவர் நினைத்தால் அதை நீக்கச் சொல்லலாம். வேறு வேறு ஊர்களிலும் சபைகளிலும் பிரிந்து கிடந்தவர்கள் திரையில் ஒருவரை ஒருவர் கேட்டபோது, எல்லோருக்கும் ஒரே கஷ்டம்தான் என்று கண்டார்கள். அதன்பின் படங்கள் அரசாங்கத்தாருக்குக் காட்டப்பட்டன. கடற்றொழில் அமைச்சர் சொன்ன பதிலையும் படமாக்கி மக்களிடம் திருப்பிக் கொண்டு வந்தார்கள். மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், பெரிய வள்ளங்கள் கட்டினார்கள், தீவிலேயே தங்கினார்கள். படம்தான் தீவைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகும். சங்கம் கட்டியது மக்களின் உழைப்பு. ஆனால் கதை போன வழியாலே பதிலும் வந்தது. எமது முகாம்களில் நாம் காணாதது அந்தப் பதில்தான்.

ஆகவே கமராவுடன் ஒருவர் வந்தால், எந்த நிறுவனம், எதற்காக, எங்கே வெளிவரும் என்று முதலிற் கேளுங்கள். பெயரும் ஊரும் போடுவீர்களா என்று கேளுங்கள். காணி வழக்கு நடப்பவர்கள், உறவினரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், தனியே இருக்கும் பெண்கள் இதில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ படமெடுக்க விடவேண்டாம். முன்பு படம் ஒரு செய்திமடலோடு போய்விடும். இன்று இணையத்தில் ஏறியதை எவராலும் திருப்பி எடுக்க முடியாது. வெளியிட முன்னர் எமக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல.

தொண்டராகப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "பாதிக்கப்பட்ட பெண்" என்று படத்தின் கீழ் எழுதுவது எளிது. "மூன்று ஏக்கர் வயல் செய்தவர், விதைநெல்லும் தன் காணிக்குப் போகப் பாதையும் கேட்கிறார்" என்று எழுதப் பத்து நிமிடம் கூட இருந்து கதைக்க வேண்டும். மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவை. குளத்தை எமது நாட்டு வழக்கப்படி ஆங்கிலத்தில் 'டாங்க்' என்று எழுதினால் வெளிநாட்டவர் தண்ணீர்த் தாங்கி என்று எண்ணுவார், யுத்த டாங்கி என்று எண்ணுபவரும் உண்டு! பரப்பு, புசல், காலபோகம் என்பவற்றையும் விளக்கித்தான் எழுதவேண்டும். குளக்கட்டு உடைந்த சேதியை விளங்காதவர் அதைத் திருத்தக் காசு ஒதுக்க மாட்டார்.

கமக்காரர் அமைப்பின் அல்லது மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கலந்து பேசுங்கள். கடந்த ஓராண்டில் எமது கிராமத்துக்கு வந்து விபரம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் திரும்பி வந்தவர் யார்? இனி வருபவருக்கு எமது ஊரில் எதை முதலிற் காட்டுவோம்? கூட்டக் குறிப்பை எழுதி வைக்க எழுத்து நன்றாயுள்ள ஒரு பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள்.