படக்கதை வீரர் குழுவும் வில்லுப்பாட்டின் பரிவாரத் தெய்வங்களும்: முத்துப்பட்டன் கதையை முன்வைத்து

முன்னுரை

நெல்லை மாவட்டத்து ராதாபுரம் வட்டாரக் கோயில் கொடைகளில் பாடப்பெறும் வில்லுப்பாட்டுக் கதைகள் பலவற்றில் கொலை, பழி, ஆவி, தெய்வமாதல் ஆகிய கூறுகள் ஒருங்கே அமைகின்றன. இவற்றைக் கொண்டு நாட்டார் தெய்வங்களைப் படக்கதைகளின் மீவீரர்க்கு நிகராக்குவது எளிது. அவ்வொப்புமை எதுவரை பொருந்தும், எங்கே முறிகிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றமும் ஆற்றலும்

சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் பிரித்தானிய ‘வேலியண்ட்’ இதழில் தோன்றிய இக்கதையின் நாயகன், மின்னதிர்ச்சியால் உலோகக் கை மட்டும் தெரிய, உடல் மறையும் ஆற்றல் பெறுகிறான். முதலில் குற்றவழியில் சென்று, பின்னர் நிழற்படை என்னும் இரகசியக் குழுவில் இணைந்து சட்டத்தின் பக்கம் நிற்கிறான். ஆற்றல் விபத்தால் வாய்க்கிறது; குழு அதற்கு ஒழுங்கு தருகிறது.

முத்துப்பட்டன் கதையில் ஆற்றலின் தோற்றுவாய் கொலையே. அந்தணனான பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகளிரான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். மணவிரவில் மாடு கவர்ந்தோரை எதிர்த்துச் சென்று, வென்றபின் வஞ்சகமாகக் குத்துண்டு இறக்கிறான். மனைவியர் உடன் தீப்பாய்கின்றனர். உயிரோடிருக்கையில் பட்டனுக்கு மீயாற்றல் இல்லை. அது இறப்பின் பின்னரே வருகிறது. படக்கதை மரபில் பிறர்க்கு நேர்ந்த கொலைக்கு வீரன் பழிதீர்ப்பது பெருவழக்கு. இங்கோ கொலையுண்டவனே தெய்வமாகிறான்.

பரிவாரம் என்னும் குழு

பாபநாசம் மலைமேல் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன், பொம்மக்கா, திம்மக்கா ஆகியோர் பிற பரிவாரத் தெய்வங்களோடு வழிபடப்பெறுகின்றனர். பட்டவராயனுக்கு அடியவர் தோற்செருப்பு காணிக்கையிடுகின்றனர். மீவீரர் குழு ஒரு பகைவனை வெல்லக் கூடுவது. பணி முடிந்தால் கலையலாம். பரிவாரமோ ஓரிடத்தில் நிலைத்து, ஆண்டுதோறும் படையலும் பாட்டும் பெறுவது. அதன் உறுப்பினரை இணைப்பது பொதுப்பகை அன்று. வழிபாடும் இடமும் ஆகும்.

மறைபிறப்பு

இரு மரபுகளும் மறைந்த பிறப்பை விரும்புகின்றன. மீவீரனின் மறைபிறப்பு அவனைச் சராசரி மனிதரினின்று வேறுபடுத்துகிறது. முத்துப்பட்டன் கதையின் ஒரு வடிவம், அப்பெண்கள் உண்மையில் அந்தணர் வயிற்றுப் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்கிறது. இதனைப் பிற்காலத் திருத்தமாக நா. வானமாமலை கண்டார். அவர் கருத்து ஏற்புடையதே: பெண்கள் அந்தணராயின் பட்டனின் மணம் சாதிமீறலாகாது, அவன் துறந்தது பொருளற்றுப்போகும். தோற்செருப்புக் காணிக்கையோ அத்திருத்தத்தை ஏற்கவில்லை. பட்டன் மணவழிச் சேர்ந்த குலத்தின் தொழிலை அது இன்றும் சுட்டி நிற்கிறது.

முடிவுரை

குற்றம், மீயாற்றல், கூட்டம் என்னும் புறக்கூறுகளில் ஒப்புமை பொருந்துகிறது. ஆற்றலின் ஊற்று, கூட்டத்தின் பிணைப்பு, மறைபிறப்பின் பயன் ஆகிய மூன்றிலும் முறிகிறது. பட்டனை வெறும் மீவீரனாகக் காணும் வாசிப்பு அவன் வீரத்தைக் காக்கும். அவன் மீறிய சாதி எல்லையை மறைத்துவிடும். எனவே இக்கதைகளைப் படக்கதை வடிவில் பெயர்ப்போரும் ஆய்வோரும் எந்தக் கதைவடிவத்தைத் தெரிந்தெடுக்கின்றனர் என்பதை முதலில் தெளிவாக்குதல் வேண்டும்.