உங்கள் தொழில்திறனை நீங்களே சோதிப்பது எப்படி? சுவிஸ் மருந்தாளுநர்களுக்கு ஆறு படிகள்

சுவிட்சர்லாந்தில் மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் பொறுப்பு சில ஆண்டுகளில் மளமளவென்று கூடிவிட்டது. 2018 ஜனவரி முதல், சொந்தப் பொறுப்பில் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் போதாது. கூட்டாட்சி அரசு அங்கீகரித்த மேற்பயிற்சிப் பட்டமும் வேண்டும். 2019 ஜனவரியில் திருத்திய மருந்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் சீட்டு கேட்கும் ‘பி’ பிரிவு மருந்துகளில் சிலவற்றை, வரையறுத்த சில நோய்களுக்கு, மருந்தாளுநரே நேரில் விசாரித்துக் கொடுக்க அது வழிவிட்டது. உரிய பயிற்சி பெற்றவர்கள் பல கன்டோன்களில் தடுப்பூசியும் போடுகிறார்கள்.

மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் 40ஆம் பிரிவு விதிக்கும் கடமைகளில் இரண்டு இவை: பயிற்சியில் பெற்ற திறனின் எல்லைக்குள் நிற்க வேண்டும், அந்தத் திறனை வாழ்நாள் முழுவதும் வளர்க்கவும் வேண்டும். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாதவரால் இரண்டையும் செய்ய முடியாது.

ஆனால் நம்மை நாமே கணிப்பதில் நாம் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்லோம். மருத்துவர்களின் சுயமதிப்பீட்டைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சுயமதிப்பீட்டை வெளியார் மதிப்பீட்டோடு ஒப்பிட்ட 20 இடங்களில் 13இல் இரண்டுக்கும் பொருத்தம் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ். ஆகவே மனதுக்குள் மதிப்பெண் போட்டுக்கொள்வதில் பயனில்லை. கீழே உள்ள படிகள் சான்றைத் தேடச் சொல்பவை.

1. அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள். கனடாவில் மருத்துவர்களுக்காக உருவான ‘கேன்மெட்ஸ்’ சட்டகம் ஏழு பொறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. துறை அறிவு, பேச்சுத்திறன், கூட்டுப்பணி, தலைமை ஆகியவை அவற்றுள் சில. பன்னாட்டு மருந்தியல் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்டு 2020இல் திருத்திய திறன் சட்டகம் மருந்தாளுநர்களுக்கென்றே எழுதப்பட்டது. ஏதாவது ஒன்று போதும்.

2. வேலையைச் சிறிதாக நறுக்குங்கள். “நான் நல்ல மருந்தாளுநரா?” என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்காது. “மகரந்த ஒவ்வாமைக்குச் சீட்டில்லாமல் ‘பி’ பிரிவு மருந்து கொடுக்கும்போது சரியாக விசாரிக்கிறேனா?” என்று கேளுங்கள். அடிக்கடி செய்யும் வேலை ஒன்று, அரிதாக வந்தாலும் ஆபத்தான வேலை ஒன்று என்று இரண்டை எடுங்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியைச் சமாளிப்பது இரண்டாவது வகை.

3. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த நான்கு படிகள் இதற்கு உதவும்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்துகாட்ட முடியும், அன்றாட வேலையில் செய்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சான்றைக் குறியுங்கள். சான்று இல்லையென்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். அட்ரினலின் ஊசியைப் பயிற்சி வகுப்பில் மட்டும் பிடித்தவர் நான்காம் படியில் இல்லை.

4. பதிவேட்டைப் புரட்டுங்கள். சீட்டில்லாமல் கொடுக்கும் ‘பி’ பிரிவு மருந்துக்குப் பதிவு கட்டாயம். உங்களிடம் இருக்கும் சிறந்த சான்று அதுதான். நினைவில் நிற்பவற்றை விட்டுவிட்டு, அடுத்தடுத்து வந்த பத்துப் பதிவுகளை எடுங்கள். மூச்சிரைப்பு உண்டா, கர்ப்பமா, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டீர்களா? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொன்னீர்களா? இந்தப் பதிவை மட்டும் படிக்கும் சக ஊழியருக்கு உங்கள் முடிவின் காரணம் புரியுமா? எழுதாததைக் கேட்காததாகவே எண்ணுங்கள்.

5. வேறு கண்களை அழையுங்கள். நீங்கள் ஆலோசனை சொல்லும்போது சக மருந்தாளுநர் ஒருவர் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கட்டும். வந்தவரிடம், “இந்த மருந்தை வீட்டில் எப்படி எடுப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேளுங்கள். அவர் பதில்தான் உங்கள் விளக்கத்துக்கு மதிப்பெண். ஜெர்மனோ பிரெஞ்சோ சரளமாக வராத தமிழ் முதியவர் பேரப்பிள்ளையின் மொழிபெயர்ப்போடு வரும்போது இந்தக் கேள்வி இன்னும் அவசியம். ஃப்ரிபூர்க் கன்டோனில் 1997 முதல் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் தரவட்டங்களாகக் கூடி, மருந்துச்சீட்டு விவரங்களைச் சேர்ந்து அலசுகிறார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒரு வட்டம் இருந்தால் சேருங்கள்.

6. குறையை வகை பிரித்துத் திட்டமிடுங்கள். அறிவுக் குறைக்கு வாசிப்பும் வகுப்பும். கைப்பழக்கக் குறைக்கு ஒத்திகை. தனியாகப் பேச இடமில்லை, பதிவுப் படிவத்தில் கட்டமில்லை என்பவை அமைப்புக் குறைகள். எத்தனை வகுப்புக்குப் போனாலும் அவை தீரா, கடையின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். என்ன செய்வேன், எந்தத் தேதிக்குள், எது சான்று என்று ஒரே வரியில் எழுதுங்கள். குறை தீரும்வரை அந்த வேலையைச் சக ஊழியரிடமோ மருத்துவரிடமோ ஒப்படையுங்கள். நச்சுச் சந்தேகம் என்றால் 145ஐ அழையுங்கள். நச்சுத் தகவல் மையமான டாக்ஸ் இன்ஃபோ சுவிஸ் இரவு பகலாகப் பதில் தரும்.

குறித்த தேதியில் அதே வேலைக்குப் புதிய பத்துப் பதிவுகளை எடுத்து மறுபடி பாருங்கள். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வந்தால் அடுத்த முறை பதிவுகளை நீங்கள் எடுக்காதீர்கள். சக ஊழியர் எடுத்துத் தரட்டும்.