திரையில் ஏறும் மதிப்பெண்

அன்புள்ள தங்கைக்கு,

பக்கவாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையில் நீ இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கிறாய். பார்வைப் பயிற்சிக்கென்று ஒரு மென்பொருள் இன்றைக்கோ நாளைக்கோ உன் மேசைக்கு வந்து சேரும். நோயாளி திரைமுன் உட்காருவார், புள்ளி மின்னும், பொத்தானை அழுத்துவார், வாரம் முடிந்ததும் மென்பொருளே ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கும். கோடு மேலே ஏறியிருக்கும். அநேகமாக எப்போதும் ஏறியிருக்கும். அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திரையை விட்டு எழுந்த பிறகு அந்த மனிதரால் என்ன செய்ய முடிகிறதோ அதுதான் சிகிச்சையின் பலன். மதிப்பெண் ஏறினால் அவர் அந்தப் பயிற்சியில் தேறிவிட்டார் என்று மட்டும் அர்த்தம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதை மறந்ததால்தான் இந்தத் துறை முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சர்ச்சையில் கிடக்கிறது.

கை கால் விழுந்தால் வீடே பதறும். பேச்சு குழறினால் உடனே தெரிந்துவிடும். பார்வையில் விழுந்த ஓட்டை மட்டும் யார் கவனத்துக்கும் வராமல் நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். பிரிட்டனில் ஃபியோனா ரோ தலைமையிலான குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்க முடிந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்குப் புதிதாக ஏதோ ஒரு பார்வைக் கோளாறு இருந்தது. இதில் இரண்டு கோளாறுகளை நீ தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். ஒன்று பாதிப் பார்வைப் புலம் போவது. மூளையின் பின்புறம் இடப் பக்கம் அடிபட்டால் இரண்டு கண்ணுக்கும் வலப் பாதி தெரியாது. “வலது கண் போச்சு” என்று வீட்டார் சொல்வார்கள், கண்ணாடி மாற்றக் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல். எந்தக் கண்ணைத் திறந்தாலும் அதே பாதி இல்லை என்றால் கோளாறு கண்ணில் இல்லை. இன்னொன்று புறக்கணிப்பு. பெரும்பாலும் வலப் பக்க மூளை அடிபட்டவர்களுக்கு வருவது. தட்டின் இடப் பாதியில் சோறு அப்படியே இருக்க, “சாதம் தீர்ந்துபோச்சு” என்பார்கள். இவர்களுக்குக் கண் வழியே செய்தி போய்க்கொண்டிருக்கலாம்; மூளை அந்தப் பக்கத்தையே கணக்கில் எடுப்பதில்லை. இத்தாலியில் பிசியாக்கும் லுசாத்தியும் 1978இல் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் மனதில் நினைத்துச் சொல்லச் சொன்னபோதும், நோயாளிகள் தாம் நிற்பதாகக் கற்பனை செய்த இடத்திலிருந்து இடப் பக்கம் வரும் கட்டடங்களை விட்டுவிட்டார்கள். எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும் விட்டவற்றைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டார்கள். புலம் போனவருக்குத் தன் இழப்பு விரைவில் புரியும், தலையைத் திருப்பப் பழகுவார். புறக்கணிப்பு உள்ளவருக்கு இழப்பு இருப்பதே தெரியாது. ஒரே மென்பொருளை இருவருக்கும் போட்டுக் கொடுத்தால், ஒருவருக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும், மற்றவருக்கு வெறும் பொழுதுதான் போகும்.

இனி, சர்ச்சைக்கு வருகிறேன். 1998இல் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரிலிருந்து காஸ்டென், சாபெல் ஆகியோரின் குழு ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 38 நோயாளிகள், ஆறு மாதம், தினம் ஒரு மணி நேரம் வீட்டிலேயே கணினிப் பயிற்சி. இருண்ட பகுதியின் ஓரத்தில் ஒளிப் புள்ளிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அந்த ஓரம் பின்வாங்கும் என்றார்கள். மூளையில் அடிபட்டவர்களுக்குச் சராசரியாக ஐந்து பாகை அளவுக்குப் பார்வை விரிந்ததாகக் கண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. 2003இல் அமெரிக்காவில் இதற்கு விற்பனை அனுமதியும் கிடைத்தது. ஐந்து பாகை என்பது புத்தகத்தைப் பிடிக்கும் தூரத்தில் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். வாசிக்கத் தவிக்கும் ஒருவருக்கு அது பெரிய வரம்.

ஆனால் அந்த விரிவைப் பெரும்பாலும் அளந்தது, பயிற்சி தந்த திரையை ஒத்த இன்னொரு திரை. அங்கேதான் சிக்கல். நோயாளி நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நாம் நம்புகிறோம். கண்ணோ இருண்ட பக்கத்தை நோக்கிக் கொஞ்சம் நழுவிவிடும். பக்கம் தெரியாதவர் அந்தப் பக்கம் பார்வையை ஓட்டுவது இயல்பு. ஆறு மாதப் பயிற்சி அதை இன்னும் கூர்மையாக்கும். கண் மூன்று பாகை நழுவினால் பார்வைப் புலச் சோதனைப் படத்திலும் எல்லை மூன்று பாகை நகர்ந்ததாகத் தெரியும். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லோருடைய கண்ணிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் இயற்கையான ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, பார்வை மையத்திலிருந்து பொட்டுப் பக்கமாக ஏறக்குறைய 15 பாகை தள்ளி. கண் நழுவியிருந்தால் அந்தப் புள்ளியும் கூடவே நகர்ந்திருக்கும். பார்வை உண்மையிலேயே விரிந்திருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்து முதலில் அந்தப் புள்ளியைத் தேடிப் பார். எல்லை எங்கே என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ட்யூபிங்கன் நகரில் ரைன்ஹார்ட் குழு இதைவிடக் கறாராகச் செய்தது. லேசர் கருவியால் விழித்திரையையே நேரடியாகப் பார்த்துக்கொண்டு, ஒளி விழித்திரையில் எந்த இடத்தில் விழுகிறது என்று உறுதி செய்தபடி, 17 நோயாளிகளை ஆறு மாதப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். 2005இல் வெளிவந்த முடிவில், இரண்டு கண்ணிலும் ஒருசேர எல்லை நகர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் காஸ்டெனும் சாபெலும் இருக்கிறார்கள் என்பதையும் பார். தாங்கள் உருவாக்கிய சிகிச்சையைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்த முன்வந்தது மதிக்க வேண்டிய நேர்மை.

புறக்கணிப்பிலும் இதே கதை, இன்னும் முன்பே நடந்தது. எடின்பரோவில் இயன் ராபர்ட்சன் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வில், 36 பேரில் ஒரு பிரிவுக்குக் கணினியில் பார்வையை இடப் பக்கம் ஓட்டும் பயிற்சி. மற்றப் பிரிவுக்கும் கணினிதான், ஆனால் வெறும் விளையாட்டு. முடிவில் இரு பிரிவுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. ஒப்பீட்டுப் பிரிவையும் கணினிமுன் உட்கார வைத்த யோசனைதான் இந்த ஆய்வின் பலம் என்பேன். ஒருவர் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அக்கறையாகப் பேசினாலே நோயாளி தெம்படைவார். அந்தத் தெம்பை மென்பொருளின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. காலமும் அப்படித்தான். இழந்த புலம் தானாகத் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் திரும்பும், ஆறு மாதம் தாண்டினால் அபூர்வம். பக்கவாதம் வந்த மூன்றாவது வாரம் தொடங்கிய எந்தப் பயிற்சியும், அது எதுவாக இருந்தாலும், நன்றாகத்தான் தெரியும்.

அப்படியானால் கணினியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பாய். கூடாது. எந்தத் திறன் பயிற்றுவிக்கப்படுகிறதோ அதுதான் வளர்கிறது என்றால், வாழ்க்கைக்கு வேண்டிய திறனையே நேராகப் பயிற்றுவிப்போம். லண்டனில் அலெக்ஸ் லெஃப் குழு இதைத்தான் செய்தது. வலப் பாதி போனவருக்கு ஆங்கிலம் வாசிப்பது பெரும்பாடு, ஏனென்றால் அடுத்த சொல் எப்போதும் இருட்டில் இருக்கிறது. ஆனால் திரையில் எழுத்து வரிசை வலமிருந்து இடமாக ஓடும்போது கண் அதைத் தொடர்ந்து இடப் பக்கம் போகும், பிறகு தானாகவே வலப் பக்கம் துள்ளும். அந்தத் துள்ளல்தான் வாசிப்புக்குத் தேவை. 2007இல் வந்த ஆய்வில் 19 பேர். ஒரு பிரிவினருக்கு முதலில் இரண்டு படங்களுக்கிடையே வித்தியாசம் கண்டுபிடிக்கும் பயிற்சி தரப்பட்டது, அதில் வாசிப்பு வேகம் அசையவில்லை. ஓடும் எழுத்துக்கு மாறியதும் கூடியது. அளந்ததோ ஓடாமல் நிற்கும் சாதாரணப் பக்கத்தை வாசிக்க வைத்து. பின்னர் அதையே ‘ரீட்-ரைட்’ என்ற இலவச இணையச் செயலியாகக் கொடுத்தார்கள். 2012இல் 33 பேரிடம், 20 மணி நேரப் பயிற்சிக்குப் பின் வேகம் சுமார் 39 சதவீதம் கூடியிருந்தது. இழந்த புலம் இழந்ததாகவே இருந்தாலும் வாசிப்பு கைக்கு வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நடமாட்டத்துக்கும் இதே வாதம் செல்லும். 2017இல் ரோ குழு 87 பேரை மூன்றாகப் பிரித்து, பட்டகக் கண்ணாடி, தேடல் பயிற்சி, வெறும் வழக்கமான கவனிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. தேடல் பயிற்சி பெற்றவர்கள் பார்வை சார்ந்த வாழ்க்கைத் தரத்தில் முன்னேறினார்கள். கண்ணாடி போட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தலைவலி, குழப்பம் போன்ற தொந்தரவுகள். அந்தத் தேடல் பயிற்சி கணினியில்கூட இல்லை, தாளில். காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பும், கண்ணை ஓட்டும் பயிற்சி வாழ்க்கைத் தரத்தைக் கூட்டலாம், பார்வைப் புலத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை, சான்றுகளும் பலமானவை அல்ல என்றுதான் சொல்கிறது. இந்தத் துறையில் உறுதியாகப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு. நான் உட்பட எல்லோரும் சிறிய ஆய்வுகளின் மீதுதான் நிற்கிறோம்.

எதிர்வாதங்களில் வலுவானது அமெரிக்காவின் ராச்செஸ்டரிலிருந்து வருகிறது. கிரிஸ்டல் ஹக்ஸ்லினும் அவர் குழுவும், பார்வைப் புறணி அடிபட்டவர்களின் இருண்ட பகுதியில் நகரும் புள்ளிகளைக் காட்டி, ‘இடமா வலமா’ என்று ஆயிரக்கணக்கான தடவை கேட்டுப் பழக்கினால் அங்கே அசைவை அறியும் திறன் திரும்புவதை 2009 முதல் காட்டிவருகிறார்கள். கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கேமரா வைத்துக் கண்காணித்தபடி செய்தது என்பதால், கண் நழுவியது என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2020இல் அவர்கள் சொன்னது இன்னும் முக்கியம்: முதல் மூன்று மாதத்துக்குள் இருண்ட பகுதியில் சில திறன்கள் மிச்சம் இருக்கின்றன, அப்போது பயிற்றுவித்தால் மீட்சி வேகமாக வருகிறது, விட்டுவிட்டால் அவையும் போய்விடுகின்றன. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மூளை கல்லாகிவிடவில்லை. ஆனால் நாள்பட்ட நோயாளிகளிடம் மீட்சி பெரும்பாலும் பயிற்றுவித்த இடத்தோடு நின்றுவிடுகிறது. தெருவைக் கடக்கும்போது பைக் வருவது தெரிகிறதா என்ற கேள்விக்கு இன்னும் விடை வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கேமராவோடு நடப்பதை, கேமரா இல்லாத வணிக மென்பொருளும் செய்யும் என்று விளம்பரப்படுத்துவதைத்தான் நான் மறுக்கிறேன்.

இன்னொரு எதிர்ப்பு மனிதத்தன்மையானது: புலம் திரும்பாமல் போகலாம் என்று சொன்னால் நோயாளியின் நம்பிக்கையைக் கெடுத்துவிட மாட்டோமா? பொய்யான நம்பிக்கைக்கும் விலை உண்டு, தங்கை. ஆறு மாதம், தினம் ஒரு மணி நேரம் புள்ளியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தியவர், பேரனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போகப் பழகியிருக்கலாம். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, சந்தைக் கூட்டத்தில் நடந்து பழகியிருக்கலாம். “இழந்த பக்கம் திரும்புமா என்பது உறுதியில்லை, ஆனால் அந்தப் பக்கத்தைக் கண்ணால் தேடிப் பிடிக்கக் கற்றுத்தர என்னால் முடியும்” என்று சொல். உண்மையும் நம்பிக்கையும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன. சிகிச்சையாளர் ஒருவருக்கு நோயாளிகள் நூறு என்ற நிலையில், வீட்டிலேயே மணிக்கணக்கில் பயிற்சி தர இயந்திரத்தால்தான் முடியும் என்பது மூன்றாவது வாதம். அதில் நியாயம் இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: கணினியில் கற்ற தேடலை அதே வாரத்தில் சமையலறை அலமாரியிலும் பேருந்து நிறுத்தத்திலும் நோயாளி செய்து பார்க்க வேண்டும், யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.

நம் நோயாளிகள் விஷயத்தில் நீ தனியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தமிழும் இடமிருந்து வலமாகப் போவதால் வலப் பாதி போனவருக்கு வாசிப்பு இங்கேயும் பலமாக அடிபடும். நம் சொற்கள் நீளமானவை, சொல்லின் கடைசியில்தான் இலக்கணமே உட்கார்ந்திருக்கிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்கள்’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டிலிருந்து’. யார் வந்தது, எங்கே போனது எல்லாம் இருண்ட பக்கத்தில் விழுகின்றன. முதல் பாதியைப் பார்த்து மீதியை ஊகித்து அவர் சரளமாக வாசிப்பது போலத் தோன்றும். கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் பொருள் மாறியது தெரியும். இடப் பாதி போனவருக்குத் தொல்லை வேறு: அடுத்த வரியின் தொடக்கம் பிடிபடாது. அவருக்கு இட ஓரத்தில் சிவப்பில் ஒரு கோடு போட்டுக் கொடு, ஒவ்வொரு வரியிலும் அந்தக் கோடு கண்ணில் பட்ட பிறகே வாசிக்கச் சொல். வலப் பாதி போனவருக்கு, செய்திச் சேனலின் அடியில் ஓடுவது போல நாளிதழ்ப் பத்திகளைத் திரையில் ஓட்டிக் காட்ட விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. தொடங்குவதற்கு முன் அவர் அதுவரை பார்க்காத ஒரு பத்தியை அச்சிட்ட தாளில் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணு, விகுதி பிசகிய இடங்களைத் தனியாக வட்டமிடு. நான்கு வாரம் கழித்து வேறொரு புதிய பத்தியில் அதையே செய். மென்பொருள் தரும் வரைபடத்தைக் கோப்பில் வைப்பதானால், இந்த இரண்டு தாள்களையும் அதற்கு மேலே வைத்துக் கட்டு.

அன்புடன்,
உன் அக்கா